மறுமுனையை நீ பிடித்துக்கொள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். சொல்ல விட்டால்தானே? நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். நான் இன்னும் எதையுமே சொல்லியிருக்க மாட்டேன், நீ அதற்குள் சம்மதித்து முடித்திருப்பாய். அப்புறம் "பையர் லைன்ல வர்றாரும்மா" என்று வைத்துவிடுவாய். பனியனுக்கு ஆர்டர் கொடுக்கிற அந்த மனுஷன் எந்தத் தேசத்தில் இருக்கிறாரோ, நான் பேச ஆரம்பிக்கும்போதுதான் அவருக்குத் தன் பனியன் ஞாபகம் வரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்திடம் நீ "சரிம்மா" சொல்லித் தப்பிக்க முடியாது. கூரியர்காரன் கையில் கொடுத்ததும் செல்லை அணைத்து வைத்துவிட்டு முழுசாகப் படி. நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இதுதான். உன் பெண்டாட்டி சுகன்யாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. பெங்களூரில் அவளைப் பார்த்துக்கொண்ட ரேச்சல், பிரசவத்தில் பெண்களுக்குத் துணை நிற்பதையே வேலையாக வைத்திருக்கும் அந்தப் பெண், காங்கேயம் வரை வர முடியாது என்று சொல்லிவிட்டாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். கட்டுச்சோறு விருந்து முடிந்து சுகன்யாவை அவள் அப்பா அம்மா அழைத்துப் போயாயிற்று. அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் அவளோடு ஒருவர்தான் இருக்கலாம். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்கிறாய். "நீ உள்ள இருந்தா எனக்கு நிம்மதிம்மா" என்றாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உள்ளே போகப் போவதில்லை. கோபித்துக்கொண்டு காகிதத்தை மடக்கி வைத்துவிடாதே, ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. அப்படி நினைத்தால் எனக்கு அழுகை வந்துவிடும். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பெண்களின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். யார் யாருடைய பேரன் பேத்தியையோ அவர்களுக்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன். பிறந்த உடனே ஒரு குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யார் என் தூக்கத்தைக் கெடுத்தது என்று கேட்பது போல ஒரு முகம் காட்டும். அந்த முகத்தை என் வீட்டுக் குழந்தையிடம் பார்க்க வேண்டும் என்று உனக்குப் பெண் பார்த்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். நீ கேட்டபோது என் மனசு எனக்கு முன்னால் காங்கேயம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அங்கே போய்ச் சேரும் வரைக்கும் நான்தான் உள்ளே நிற்கப் போகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

இந்தத் துணை நிற்கிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ காலேஜில் சேர்ந்த புதிது. தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் முத்துமாரி, திருநெல்வேலிப் பக்கம். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பிழைக்க வந்தவர்கள், திருப்பூரில் அவர்களுக்கு என்று வேறு யாரும் இல்லை. நிறைமாதம் வரைக்கும் நின்றபடியே பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை டீ நேரத்தில் வலி எடுத்துவிட்டது. புருஷன் சாயப்பட்டறையில் வேலையாக இருந்தான், ஆள் அனுப்பியும் வந்து சேரவில்லை. நான்தான் ஆட்டோவில் ஏற்றிப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதுதான், பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி துணைக்கு உள்ளே இருக்கலாம் என்று விட ஆரம்பித்திருந்தார்கள். "நீங்க யாரும்மா, அம்மாவா, மாமியாரா?" என்று நர்ஸ் கேட்டாள். "ஒரே டேபிளுங்க" என்றேன். என்ன புரிந்துகொண்டாளோ, உள்ளே விட்டுவிட்டாள்.

உள்ளே போய் என்ன செய்வது என்று எனக்கு என்ன தெரியும்? தெரியாத வேலை என்றால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியாததா? மூச்சை இழு என்றேன், மூச்சை விடு என்றேன், முருகனைக் கும்பிட்டுக்கோ என்றேன், உன்னைப் பெற்ற கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஒரு வலி வந்து போன இடைவெளியில் முத்துமாரி என் பக்கம் திரும்பினாள். "எக்கா, செத்த நேரம் வாய மூடிட்டு இருக்கியளா! வலியக் கூடத் தாங்கிருவேன் போல, ஒங்க பேச்சத் தாங்க முடியல!" என்றாள். அதோடு வாயை மூடியவள்தான் நான். ஆனால் கையை என்ன செய்வது? டேபிளிலிருந்து அப்படியே ஓடி வந்ததால் என் தோளில் ஒரு ரிப் துணி கிடந்தது. பனியன் கழுத்துக்கு வைக்கிற அந்தத் துணி எவ்வளவு இழுத்தாலும் கொடுக்கும், கிழியாது, விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். முத்துமாரி அதன் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன். வலி வரும்போதெல்லாம் அவள் இழுப்பாள், நான் விடாமல் நிற்பேன். அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான். பிற்பாடும் அதைவிடப் பெரிதாக எதுவும் செய்ததில்லை.

மத்தியானம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கம்பெனி முழுக்க அந்தப் பேச்சுதான். அதற்குப் பிறகு யாருக்கு மாதம் நெருங்கினாலும் "அக்கா, துணைக்கு நீங்க வந்துருங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒரிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் போய் நின்றேன். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை, அதனாலேயே அந்தப் பிரசவம் ரொம்ப நிம்மதியாக நடந்தது. ஷிப்மென்ட் நேரத்தில் நான் பையைத் தூக்கினால் சூப்பர்வைசர் தலையில் கையை வைத்துக்கொள்வார். நீ சாயங்காலம் வந்து வீடு பூட்டிக் கிடந்தால், "எங்கம்மா இன்னைக்கு யாருக்குப் பெத்துக் குடுக்கப் போயிருக்குதுங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்பாயாம். கெரகம் புடிச்சவனே, அதை அவர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதனால்தான் சுகன்யா உண்டானபோது நீ, "இங்க இதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க இருக்காங்கம்மா, டூலான்னு பேரு" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அட, அதுக்குப் பேரு வேற வெச்சுட்டாங்களா?" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எனக்கு சந்தோஷம்தான் கண்ணு. நான் பெங்களூர் வந்திருந்தபோது சுகன்யாவோடும் உன்னோடும் ஒருநாள் ரேச்சல் வீட்டுக்குப் போனேன். பெரிய ரப்பர் பந்தின் மேல் அவளை உட்கார வைத்து இடுப்பை அசைக்கச் சொன்னாள் ரேச்சல். வலி எப்படி வரும், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், டாக்டரிடம் எதையெல்லாம் கூச்சப்படாமல் கேட்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "வைத்தியம் டாக்டர் பாத்துப்பாங்க, நான் கூட நிக்கறதுக்கு மட்டும்தான்" என்றாள். பிடித்து இழுக்க அவளிடமும் ஒரு நீள சால்வை இருந்தது. நான் ரிப் துணிக் கதையைச் சொன்னதும், "எனக்கும் ஒண்ணு அனுப்புங்கம்மா" என்றாள், அனுப்பி வைத்தேன். கிளம்பும்போது அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "பொண்ணுங்களைக்கூடப் பாத்துக்கலாம்மா. பாதி நேரம் அவங்க வீட்டுக்காரரைத்தான் தேத்த வேண்டியிருக்கு." நீ அப்போது வாசலில் நின்று போனில் யாருக்கோ பட்டன் கலர் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நான் ஏன் வரமாட்டேன் என்பதற்கு ஈஸ்வரி கதையையும் சொல்ல வேண்டும். ஈஸ்வரி எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள், பெருமாநல்லூர்ப் பக்கம் சொந்தமாகத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். அவள் துணைக்குக் கூப்பிட்டது என்னைத்தான். ஆனால் அவள் மாமியார், "ஊட்ல பெரியவ நான் இருக்கறப்ப வெளியாளை நிறுத்துனா நல்லாவா இருக்குமுங்க?" என்றார். நியாயம்தானே. நல்ல மனுஷி அவர். காப்பி, கஞ்சி, ஈரத்துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு மருமகள் பக்கத்திலேயே நின்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. நர்ஸ் வந்து "வலி எப்படிம்மா இருக்கு?" என்றால் "பரவாயில்லீங்க" என்கிறாள் ஈஸ்வரி. மாமியார் "ரொம்ப வலிக்குதா அம்மிணி?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை, நீங்க நின்னுட்டே இருக்கறீங்களே, உக்காருங்க" என்கிறாள். சரி, இன்னும் நேரமாகும் போல என்று நர்ஸும் வேறு பக்கம் போய்விட்டாள். நான் கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தேன். மாமியார் கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் அந்தப் பெண் விலகின சேலையை இழுத்து மூடுகிறாள். பெரியவர் நிற்கும்போது தான் படுத்திருக்கக் கூடாது என்று முழங்கையை ஊன்றி எழுந்திரிக்கப் பார்க்கிறாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கால் விரல்கள் மட்டும் மடங்கி, விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

"ஏனுங்க, உங்களை டாக்டர் கூப்பிடறாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்த அம்மாவை வராந்தாக் கடைசிக்கு அனுப்பினேன். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், ஈஸ்வரி போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். பார்த்தால் குழந்தையின் தலை தெரிகிறது! "ஏம்மா, வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். நல்லவேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் பக்கத்துப் பெண்களுக்குத்தான் இப்படி வரும் கண்ணு, முத்துமாரிக்கு வராது. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவும், என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று சொல்லவும், அடுத்தவர் மனம் நோகாமல் பேசவும் நம் பிள்ளைகளை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறோம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் பிரசவ அறையில் அந்தப் பழக்கம் ஆகாது. அங்கே நிற்கிற ஆள், அந்தப் பெண் கொஞ்சம்கூட மரியாதை பார்க்கத் தேவையில்லாத ஆளாக இருக்க வேண்டும்.

இப்போது உன் பெண்டாட்டிக்கு வருகிறேன். பெங்களூரில் நான் ஹாலுக்குள் வந்தால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்துவிடுவாள். "உக்காரு அம்மிணி" என்றால் "பரவாயில்லீங்க அத்தை" என்பாள். "கால் இப்படி வீங்கிக் கிடக்குதே" என்றால் "அது ஒண்ணுமில்லீங்க" என்பாள். அவளுக்கு என் மேல் பிரியம்தான், எனக்கும் அவள் என்றால் உயிர். ஆனாலும் நான் மாமியார்தானே. ஒருநாள் காலையில் நான் குளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் உன்னிடம் பேசியது என் காதில் விழுந்தது. "டேய் எருமை! ஈரத்துண்டை மறுபடியும் கட்டில் மேலயா போட்டே? எந்திரிச்சு வந்தேன்னா அதாலயே நாலு சாத்து சாத்துவேன்!" நீ "சத்தம் போடாத, அம்மா இருக்குது" என்று பம்மிக்கொண்டிருந்தாய். நான் வெளியே வந்ததும் அதே வாய், "அத்தை, காப்பி போடட்டுங்களா?" என்று கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். நாங்கள் எல்லாம் புருஷன் பேரைச் சொல்லவே கூசியவர்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நீ போன் பேசிய மறுநாளே காங்கேயம் போனேன். சம்பந்தி களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது, சம்பந்தியம்மா அதைத் தாண்டி வாசலுக்கே ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். பலகாரம் வைத்தார், பேச்சு ஆரம்பித்தது. "நீங்கதான் உள்ள நிக்கோணுமுங்க, உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார் அவர். "அதெப்படீங்க, பெத்த தாய் நீங்க இருக்கறப்ப நான் நின்னா முறையாகுமுங்களா?" என்றேன் நான். "முறை கெடக்குதுங்க, எனக்கு ஊசியப் பாத்தாலே கிறுகிறுன்னு வருமுங்க." "அதுக்கென்னுங்க, சித்தெ கண்ண மூடிட்டா ஆச்சு." தட்டிலிருந்த கடைசி முறுக்கை நீங்க எடுத்துக்கோங்க, நீங்க எடுத்துக்கோங்க என்று தள்ளுவோமே, அப்படி அந்த இடத்தை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். மனசுக்குள் எனக்கு அது வேண்டும், அவருக்கு அது வேண்டாம், ஆனால் வாய் அப்படித்தான் பேசும். சுகன்யா நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு யாரு வேணும், நீயே சொல்லு அம்மிணி" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் எப்படிச் சொல்றீங்களோ அப்படியே ஆகட்டுங்க அத்தை" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு ஈஸ்வரியின் கால் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அவளுக்குக் கொடுக்கத்தான் ஒரு ரிப் துணி பையில் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு, "வலி வந்துட்டதுன்னு நெனச்சுக்கிட்டு இழு பாக்கலாம்" என்றேன். இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள், கோயிலில் பூ வாங்கிக்கொள்வது போல. "நல்லா இழு சாமி" என்றேன். "உங்களுக்குக் கை வலிக்குமுங்க" என்றாள். சரி என்று அவள் அம்மாவிடம் முனையைக் கொடுத்தேன். கொஞ்சம் பலமாக இழுத்தாள், அவர் தள்ளாடியதும் பயந்துபோய் விட்டுவிட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். "உங்க பையன் புடிச்சாருன்னா நல்லா இழுப்பனுங்க அத்தை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை, துருவிக் கேட்டேன். "உள்ள யாரு நிக்கறதுன்னு ரேச்சல் அக்கா கேட்டப்பவே நான் அவரைத்தான் சொன்னனுங்க. அவரு, எங்கம்மாதான் கரெக்ட்டுன்னு முடிவு பண்ணிட்டாரு. அதுக்கு மேல நான் எப்படீங்க மறுத்துப் பேசறது? நீங்க வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிருமே" என்றாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். உள்ளே வர வேண்டாம் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் அந்த இடம் என்னுடையது இல்லை என்று எனக்குப் புரிந்தது. வலிக்கத்தான் செய்தது கண்ணு, மறைக்க மாட்டேன்.

ஆக, என்னை உள்ளே கேட்டது அவள் இல்லை, நீ. நான் உள்ளே இருந்தால் உனக்கு நிம்மதி என்றாயே, நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாய். பயம்தானே உனக்கு? இருக்கட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அன்றைக்கே சுகன்யாவோடு போய்க் கேட்டேன். தனி அறை, வேறு பெண்கள் யாரும் இல்லை, அதனால் வீட்டுக்காரர் இருக்கலாம் என்றார். "ஆனா உங்க பையன் மயக்கம் போட்டு விழுந்தா நான் தூக்க மாட்டேங்க, எனக்கு ஒரு பேஷண்ட் போதும்" என்றார். "விழுந்தா அப்படியே கெடக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் மாமனார்தான் முகம் சுளித்தார். "ஆம்பளை உள்ள போனா சொந்தபந்தம், ஒறம்பரைங்க என்ன பேசுவாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், அதுவரை அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் பார்த்திராத சம்பந்தியம்மா, "பேசட்டுமுங்க, அவங்களா வந்து பெத்துக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சம்பந்தி எழுந்து களத்துக்குக் கொப்பரை புரட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். மங்கலம் விசைத்தறிக் கூடத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே காலம் கழித்துப் பேச்சையே குறைத்துக்கொண்ட மனுஷன். என்ன சொல்லப் போகிறாரோ என்று கொஞ்சம் தயக்கத்தோடுதான் ஆரம்பித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "எங்களையெல்லாம் யாரும் கேக்கவே இல்லையே" என்றார். "கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?" என்றேன். "வந்திருப்பேன்" என்றார். நீ பிறந்த அன்று என் அம்மாதான் என் கூட இருந்தார். உன் அப்பா ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றார் என்று மட்டும் தெரியும். உள்ளே விட்டதும் என்னைப் பார்த்து, "காப்பி குடிக்கறயா?" என்று கேட்டார், வேறு ஒரு வார்த்தை இல்லை. உயிரைக் கொடுத்துப் பிள்ளை பெற்றிருக்கிறேன், இந்த மனுஷனுக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறார். நான் கத்தியது மரத்தடி வரைக்கும் கேட்டதாம். உள்ளே வரலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல், எனக்காகக் காப்பி வாங்குவதும், அது ஆறிப்போனதும் கொட்டிவிட்டு மறுபடி வாங்குவதுமாக இருந்தாராம். அவர் தட்டில் சோறு வைத்துக்கொண்டே அழுதேன். நீ அப்படி மரத்தடியில் நிற்க வேண்டாம் கண்ணு.

உள்ளே போனால் என்ன செய்வது என்று பதறாதே. வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ, பசியோடு நின்றால்தான் தலை சுற்றும். அந்த செல்லை அணைத்து என் கையில் கொடுத்துவிடு, பையர் கூப்பிட்டால் நான் பேசிக்கொள்கிறேன், எனக்கும் அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. கட்டிலில் அவள் தலைப்பக்கம் நின்றுகொள், அவள் முகத்தைப் பார், கடிகாரத்தைப் பார்க்காதே. உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடு. இடுப்பைத் தேய்த்துவிடு என்றால் தேய்த்துவிடு, தொடாதே என்றால் கையை எடுத்துவிடு, இப்பத்தானே தேய்க்கச் சொன்னாய் என்று கணக்குக் கேட்காதே. நர்ஸ் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது அவள் பழக்க தோஷத்தில் "பரவாயில்லீங்க" என்றால், "இல்லீங்க, வலி அதிகமா இருக்குது, பாருங்க" என்று நீ சொல். ஒருவேளை ஆபரேஷன் என்று முடிவானால் உன்னை வெளியே போகச் சொல்லலாம், அப்போது வாதாடாமல் வந்துவிடு, டாக்டரம்மாவுக்குத் தெரியும். முக்கியமாக, பேசாதே. உனக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது. மூச்சை இழு, விடு என்று பாடம் நடத்தினாய் என்றால் முத்துமாரி எனக்குச் சொன்னதைச் சுகன்யா உனக்கு இன்னும் நல்ல வார்த்தையில் சொல்லுவாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள், வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சொல்லிக் காட்டாதே.

நாள் நெருங்கும்போது கடைசி நேரத்தில் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடி வராமல், முன்னாலேயே லீவு சொல்லிவிட்டு வந்து காங்கேயத்தில் இரு. மாமியார் வீட்டில் அத்தனை நாள் எப்படி உட்கார்ந்திருப்பது என்று கூச்சப்படுவாய், அதுவும் எனக்குத் தெரியும். களத்தில் கொப்பரை அள்ளிப் போடு, பொழுது போகும். குழந்தை எதுவானாலும் நம் குழந்தை. முதலில் பார்க்கிற ஆள் நீயாக இரு. பார்த்துவிட்டு வெளியே வந்து அது கண்ணை எப்படிச் சுருக்கியது என்று எனக்கு ஒன்று விடாமல் சொல்ல வேண்டும், அப்போது மட்டும் உன் இஷ்டத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசு.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பிரித்துப் பார். அன்றைக்குக் காங்கேயத்தில் நாங்கள் இழுத்து விளையாடினோமே, அதே ரிப் துணிதான். சாயம் ஏற்றாத வெள்ளை, நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போட்டு எடுத்திருக்கிறேன். ஒரு முனை அவளுக்கு, மறுமுனை உனக்கு. அவள் இழுக்கும்போது நீ திருப்பி இழுக்காதே, பாவம் என்று விட்டும் கொடுக்காதே, பிடித்தபடி நில். அது போதும். நானும் சம்பந்தியம்மாவும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், உன் அப்பா காப்பி வாங்கிக்கொண்டு வருவார், இந்தத் தடவை ஆறுவதற்குள் குடித்துவிடுவோம். என் காது முழுக்க உள்ளேதான் இருக்கும். "பரவாயில்லீங்க" என்று கேட்டால் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கதவைத் தட்டிவிடுவேன். "டேய் எருமை!" என்று காங்கேயத்துக்கே கேட்கிற மாதிரி அவள் ஒரு கத்துக் கத்த வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

அம்மா